வழி தெரிந்தவனின் கூலி

ஸஹீஹுல் புகாரியில் 'கிதாபுல் இஜாரா' என்றொரு பகுதி உண்டு. கூலிக்கு ஆள் அமர்த்துவது, வாடகைக்குப் பொருள் எடுப்பது பற்றிய ஹதீஸ்கள் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஹிஜ்ரத் பயணம் பற்றிய செய்தியொன்றை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்தப் பகுதியிலும் சேர்த்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரழி) அவர்களும் மக்காவிலிருந்து புறப்படும்போது, பனூ தீல் குலத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூலிக்கு வழிகாட்டியாக அமர்த்தினார்கள். அவர் அப்போது குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தவர். தங்களது இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழிந்ததும் தவ்ர் குகைக்குக் கொண்டு வருமாறு சொன்னார்கள். சொன்னபடி அவர் வந்தார். கரையோர வழியாக அழைத்துச் சென்றார். அவரது பெயர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என ஸீறா நூல்கள் கூறுகின்றன.

இந்தச் செய்தியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒட்டகங்கள் அபூபக்கர் (ரழி) அவர்களுக்குச் சொந்தமானவை. அவற்றுள் ஒன்றை அவர்கள் நபியவர்களுக்குக் கொடுக்க முன்வந்தபோது, விலைக்கே பெற்றுக்கொள்வதாக நபியவர்கள் கூறினார்கள். ஆக, வாகனம் விலைக்கு வந்தது. வழி கூலிக்கு வந்தது. பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷிகள் அறிவித்திருந்த வேளையில், அந்தக் கூலியாள் வாய் திறந்திருந்தால் வரலாறு எங்கே போயிருக்கும்?

பாலைவனப் பயணத்தில் வாடகைக்கு எடுப்பது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் சம்பவம் ஒரு திறவுகோல். இன்று வளைகுடா நாடுகளிலும் ஜோர்தானிலும் நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப்பொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மணல்வெளிக்குள் நுழைவது பெரும் பொழுதுபோக்காகிவிட்டது. இது மோட்டார் யுகத்தின் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், பதின்மூன்று நூற்றாண்டு காலமாக முஸ்லிம் உலகில் நிலைத்திருந்த ஒரு வழக்கத்தின் கடைசிக் கண்ணி இது. அந்த வழக்கத்தில் விலங்கு, ஆள், வழியறிவு, பாதுகாப்பு ஆகிய நான்கும் ஒன்றாகவே வாடகைக்கு வந்தன. மோட்டார் வாகனம் வந்த பிறகுதான் அவை தனித்தனியே பிரிந்தன. அந்தப் பிரிவில் யார் எதை இழந்தார் என்பதே எனது கேள்வி.

நமது ஷாபிஈ பிக்ஹு நூல்களைப் புரட்டினால் இந்த வாடகை எவ்வளவு நுட்பமாக வகுக்கப்பட்டிருந்தது என்பது தெரியும். 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' சவாரி விலங்கின் வாடகையை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. குறிப்பிட்ட ஒரு விலங்கையே சுட்டிக்காட்டி எடுப்பது ஒருவகை. இன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்ற பொறுப்பை வாடகைக்கு எடுப்பது மற்றொரு வகை. முதலாவதில் விலங்கைக் கையில் ஒப்படைத்தவுடன் சொந்தக்காரனின் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் அவன் விலங்கோடு கூடவே வரவேண்டும். அதைப் பராமரிக்க வேண்டும். ஏறவும் இறங்கவும் பயணிக்குக் கைகொடுக்க வேண்டும். பல்லக்கைத் தூக்கி வைக்கவும் இறக்கவும் வேண்டும். அந்த விலங்கு இடைவழியில் செத்துப்போனால் வேறொன்று கொடுப்பதும் அவன் பொறுப்பு. இன்றைய சுற்றுலாக்காரர் பாஷையில் சொன்னால், முதலாவது சாரதி இல்லாத வாடகை. இரண்டாவது சாரதியோடு கூடிய வாடகை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரேயே நமது அறிஞர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டு சட்டம் வகுத்துவிட்டார்கள்.

நடைமுறையில் பாலைவனத்தில் பெரிதும் வேண்டப்பட்டது இரண்டாவது வகையே. ஏனெனில், ஒட்டகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தனியே புறப்படுகின்றவன் உயிரோடு திரும்புவது அரிது. கூபாவிலிருந்து மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் நீளும் 'தர்பு ஸுபைதா' பாதையை நினைத்துப் பாருங்கள். கலீபா ஹாரூன் அல்ரஷீதின் மனைவி ஸுபைதா அங்கே கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைக்கப் பெரும் பொருள் செலவிட்டார். அவ்வாறு கட்டப்பட்ட பாதையிலும்கூட, அடுத்த தொட்டியில் இந்த ஆண்டு நீர் உண்டா, எந்தக் குலத்தார் அதன் அருகே கூடாரமடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மண்ணில் வாழ்கின்றவனுக்கே தெரியும். கட்டடத்தை ஆட்சியாளர் அமைக்கலாம். பருவத்துக்குப் பருவம் மாறும் அந்தத் தகவல் பதவியின் வாயில்லாத மனிதர்களிடமே இருந்தது.

வழியறிவின் விலை என்ன என்பதற்கு இப்னு பதூதாவைப் போல் சான்று கூறுபவர் வேறொருவர் இல்லை. 1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறிய அதே இப்னு பதூதா, 1352இல் ஸிஜில்மாஸாவிலிருந்து ஸஹாராவைக் கடந்து வலாத்தாவுக்குப் போனார். உப்பு வெட்டியெடுக்கும் தகாஸாவுக்குப் போய்ச்சேரவே இருபத்தைந்து நாட்கள் சென்றன. அதற்கு அப்பால் ஓரிடத்தில் வணிகக் கூட்டத்தார் 'தக்ஷீப்' எனும் ஆளை அமர்த்தினார்கள். மஸ்ஸூபா குலத்தவனான அவன் கூட்டத்துக்கு முன்னே தனியாக வலாத்தாவுக்குச் செல்வான். பயணிகள் அங்குள்ள நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைச் சேர்ப்பிப்பான். அவர்கள் நான்கு நாள் தூரம் எதிரே வந்து தண்ணீர் கொடுப்பார்கள். தக்ஷீப் வழியில் இறந்துபோனால் வலாத்தாவில் எவருக்கும் செய்தி தெரியாது. பின்னால் வரும் கூட்டம் முழுவதும், அல்லது அதன் பெரும்பகுதி, தாகத்தால் மடிய வேண்டியதுதான்.

அந்தப் பயணத்துக்குத் தக்ஷீப் பெற்ற கூலி நூறு மித்கால் பொன். இன்றைய நிறையில் நானூறு கிராமுக்கு மேல். இதைவிட வியப்பான தகவலொன்றையும் இப்னு பதூதா பதிவு செய்கிறார். அவர்களது வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை. மற்றக் கண்ணும் நோயுற்றது. ஆனாலும் அந்த வழியை அவனைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பார்வைக்கு அப்பாற்பட்ட ஏதோவொன்றுக்கே அந்த வணிகர்கள் பொன் கொடுத்தார்கள். ஆனால் கூலியின் தொகையையும் கண்ணின் குறையையும் குறித்து வைத்த அந்தப் பயணக் குறிப்பில் அம்மனிதனின் பெயர் இல்லை.

இந்த ஏற்பாட்டில் நான்காவதாக நான் குறிப்பிட்ட பாதுகாப்பும் கூலியிலேயே அடங்கியிருந்தது. அறேபிய மண்ணில் ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் போகின்றவனுடன் அக்குலத்தவன் ஒருவன் துணையாக நடந்தால் அவன் மீது கைவைப்பது குற்றமாகும். 'ரபீக்' எனப்பட்ட அந்தத் துணையாளுக்கும் கூலி உண்டு. உதுமானிய சுல்தான்கள் ஆண்டுதோறும் ஹஜ் வழியிலுள்ள பதவிக் குலங்களுக்குப் பணமும் தானியமும் அனுப்பி வந்தார்கள். ஐரோப்பியப் பயணிகள் சிலர் இதை வழிப்பறி என்று எழுதினார்கள். மேய்ச்சலுக்கும் நீருக்கும் எல்லையுள்ள மண்ணில் கடந்து செல்லும் உரிமைக்கான வாடகை என்று அதைப் பார்ப்பதே பொருத்தம் என்பது எனது எண்ணம்.

இனி மோட்டாருக்கு வருவோம். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1916 முதல், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பிரித்தானியர் போர்ட் கார்களை ரோந்துக்குப் பயன்படுத்தினார்கள். 1921இல் கெய்ரோ - பக்தாத் விமான வழிக்காக ஒரு விசித்திரமான வேலை நடந்தது. வானத்திலிருந்து பார்க்கும் விமானிகள் வழி தவறாதிருக்க, பாலைத் தரையில் ஏர் பூட்டி நீண்ட சால் இழுத்தார்கள். வழி தெரிந்த மனிதனுக்குப் பதிலாக நிலத்திலேயே கோடு கீறிய முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இரண்டு ஆண்டுகளின் பின், 1923இல், ஜெரால்ட் நெயர்ன், நோர்மன் நெயர்ன் என்ற நியூசிலாந்துச் சகோதரர்கள் டமஸ்கஸுக்கும் பக்தாதுக்கும் இடையே கார்ச் சேவை தொடங்கினார்கள். எண்ணூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த வெளியை ஒட்டகக் கூட்டங்கள் வாரக்கணக்கில் கடந்து வந்தன. அவர்களது கார்கள் இரண்டு நாட்களுக்குள் கடந்தன. நெயர்ன் சகோதரர்களின் துணிச்சல் புகழ்ந்து பேசப்படுகிறது, தகுதியான புகழ்தான். ஆனால் அந்த வழியை முன்னமே அறிந்து, பதவிக் குலங்களோடு உடன்பாடு பேசி, அவர்களுக்குக் கதவு திறந்துவிட்டவர் டமஸ்கஸ் வணிகரான முஹம்மத் இப்னு பஸ்ஸாம். காரின் வேகம் புதியது. அதன் அடியில் இருந்த ஏற்பாடு பழைய ரபீக் ஏற்பாடேதான்.

பழைய ஏற்பாட்டைத் தேவையற்றதாக்கும் வழியைத் தேடியவர் ரால்ப் பக்னோல்ட் எனும் பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1920களின் பிற்பகுதியில் அவர் விடுமுறைக் காலங்களில் நண்பர்களோடு போர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். 1930இல் மாபெரும் மணற்கடலுக்குள் கார்களைச் செலுத்திக் காட்டினார். சூரிய நிழலைக் கொண்டு திசை பார்க்கும் கருவியைச் செம்மைப்படுத்தினார். கொதித்து வெளியேறும் ரேடியேற்றர் நீரை ஒடுக்கித் திரும்பப் பெறும் அமைப்பையும், புதைந்த சக்கரத்தின் கீழே இடும் இரும்புத் தகடுகளையும் பயன்படுத்தினார். மணலில் ஓட டயரின் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற பாடம் அந்தக் கால ஓட்டங்களிலேயே உறுதிப்பட்டது. காற்றுக் குறைந்த டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் போல விரிந்து, பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது. மணல் எவ்வாறு காற்றில் நகர்கிறது, குன்று எவ்வாறு உருவாகிறது என்பதை அவர் 1941இல் ஒரு விஞ்ஞான நூலாகவே எழுதினார். பதவி தன் பாதத்தால் அறிந்திருந்ததைப் பக்னோல்ட் கணக்காக்கினார். இது பெரும் அறிவுப் பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றிலிருந்துதான் கருவி இருந்தால் மனிதன் தேவையில்லை என்ற எண்ணம் வேரூன்றியது.

இதே காலத்தில் அறேபியாவில் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். 'ருபுஉல் காலி' எனும் பெரும் மணற்பரப்பை முதன்முதலில் கடந்தவர் பேர்ட்ரம் தோமஸ் என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். 1930 டிசம்பரில் ஸலாலாவிலிருந்து புறப்பட்டு 1931 பெப்ரவரியில் தோஹாவை அடைந்தார். 1932இல் பில்பி கடந்தார். 1946 முதல் 1948 வரை வில்பிரட் தெசிகர் இருமுறை கடந்தார். மூவரும் தனியாகப் போகவில்லை. தோமஸை அழைத்துச் சென்றவர் ரஷீத் குலத்தின் ஸாலிஹ் பின் களூத். தெசிகரோடு நடந்தவர்கள் ஸாலிம் பின் கபீனாவும் ஸாலிம் பின் குபைஷாவும். தங்களுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலத்தினூடாக, தாங்கள் அறிந்த கிணற்றிலிருந்து தாங்கள் அறிந்த கிணற்றுக்கு இவர்கள் போனார்கள். கூடவே கூலி கொடுத்த விருந்தாளி ஒருவரும் போனார். ஆனால் 'முதன்முதலில் கடந்தவர்' என்ற பட்டம் விருந்தாளிக்கே கிடைத்தது.

நியாயமாகச் சொல்வதென்றால், இந்தப் பயணிகள் தங்கள் வழிகாட்டிகளை மறைக்கவில்லை. தெசிகர் 1959இல் வெளியிட்ட தமது நூலை அந்த இரு இளைஞர்களுக்கே காணிக்கையாக்கினார். பெயர்களை உதிர்த்தவர்கள் அந்நூல்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதிய பின்வந்தோர். வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்தச் சுருக்கத்தின் வேலை நன்றாகத் தெரியும். பரீட்சை வினாவுக்கு ஒரு பெயர் போதும். அந்த ஒரு பெயர் கூலி கொடுத்தவனுடையதாகவே அமைந்துவிடுகிறது.

ஹிஜாஸில் ஏற்பட்ட மாற்றம் இதைவிட வேதனையானது. ஜித்தாவில் கப்பலிறங்கும் ஹாஜிகள் ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் 'ஷுக்துப்' கூடையில் ஏறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து மக்காவை அடைவது வழக்கம். மதீனாவுக்குப் பத்து நாட்களுக்கு மேல் செல்லும். இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன ஹாஜிமாரும் இந்தப் பாதையில் சென்றவர்களே. 1925இல் ஹிஜாஸ் அப்துல் அஸீஸ் இப்னு ஸுஊதின் கைக்கு வந்த பின் கார்களும் பஸ்களும் பெருகின. சில ஆண்டுகளுக்குள் ஜித்தா - மக்கா வழி சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது பெரும் ரஹ்மத்தே. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டு வாழ்ந்த பதவிக் குடும்பங்களின் வருமானம் அதே வேகத்தில் வற்றியது. ஹஜ் பயணக் குறிப்புகள் நம்மிடம் எத்தனையோ உள்ளன. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடந்தவன் எழுதிய ஹஜ் பயணக் குறிப்பொன்றை நான் இதுவரை வாசித்ததில்லை.

இன்றைய வாடகை ஜீப்புக்குள் வருவோம். பொதுவாக அதன் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். போடப்பட்ட வீதியை விட்டு வாகனம் இறங்கினால் காப்புறுதி செல்லாது. சேதம் எடுத்தவன் தலையில். இமாம் நவவி வகுத்த முதலாவது வகை வாடகை இது. சாவியைக் கையில் ஒப்படைத்ததும் சொந்தக்காரன் விலகிவிடுகிறான். பாலைவனத்துக்கென்றே விளம்பரம் செய்யப்படும் வாகனத்துக்கும் சில வேளை இதே நிபந்தனைதான். டயரின் காற்றைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும், ஒற்றை வாகனமாகப் போகக் கூடாது, புதைந்தால் வாகனத்தை விட்டு நடந்து போகக் கூடாது, தண்ணீரைத் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டும் என்ற விதிகளை எவரும் படித்துக்கொள்ளலாம். நாம் நிற்கும் இடத்தைச் செய்மதிக் கருவி சில மீற்றர் பிசகாமல் சொல்லும். ஆனால் காய்ந்த தரை போலத் தோன்றும் உவர்நிலத்தின் மேலோடு எந்த இடத்தில் பாரம் தாங்காது என்பதை அது சொல்லாது. ஓமானின் மேற்கு எல்லையிலுள்ள உம்முஸ் ஸமீம் உவர்சதுப்பு அத்தகையது. அதன் ஓரத்தை அறிந்து விலகிப் போகும் அறிவு அந்த மண்ணின் மனிதர்களுடையது.

இதற்கு மாறான ஓர் ஏற்பாடு ஜோர்தானின் வாதி ரம் பள்ளத்தாக்கில் உள்ளது. 1917, 1918 காலத்து அறபுக் கிளர்ச்சியாலும், 1962இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒப் அறேபியா' திரைப்படத்தாலும் உலகப் புகழ் பெற்ற இடம் அது. 2011இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஏறத்தாழ 74,000 ஹெக்டெயர் பரப்பில், பாறைகளில் பொறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய எழுத்துக்களும் உருவங்களும் அங்கே உள்ளன. அங்கே பெரும்பாலான பயணிகள் ரம் கிராமத்துப் பதவிகளின் ஜீப்பையும் பிக்கப்பையும் அவர்களோடு சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒட்டகம் ஓட்டியவரின் பேரன் சுக்கானைப் பிடிக்கிறான். விலங்கு மாறினாலும் ஆளும் வழியும் பிரியவில்லை. பயணியின் பணம் அந்தக் கிராமத்துக்குள்ளேயே போகிறது.

அங்கேயும் ஒரு குறை உண்டு. நுழைவாயிலருகே எழுந்து நிற்கும் பெரும் பாறைக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ஜபல் அல்மஸ்மார். லோரன்ஸ் எழுதிய நூலின் தலைப்பே இன்று அதன் பெயராகச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. நீர் குடித்த ஊற்றொன்றும் லோரன்ஸின் ஊற்றாகிவிட்டது. சில மாதங்கள் வந்து போனவனின் பெயர் கல்லில் ஒட்டிக்கொண்டது. சோறு தின்பதற்காகப் பதவிச் சாரதியும் அந்தப் பெயரையே சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது. வாகனத்தின் சுக்கான் கைக்கு வந்தாலும் பெயரிடும் உரிமை வரவில்லை. வாகனங்களின் தடங்கள் பெருகிப் பாலைத் தரையும் செடிகளும் சிதைவது இன்னொரு கவலை. வழி அறிந்தவன் பழைய தடத்திலேயே ஓட்டுவான். அறியாதவன் எங்கும் ஓட்டுவான்.

இதையெல்லாம் எங்கோ ஒரு தூரதேசத்து வரலாறு என்று நாம் தள்ளிவிட முடியாது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நமது கிராமங்களிலிருந்து எத்தனை பேர் சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் சாரதிகளாகப் போனார்கள்! வீட்டுச் சாரதியாக, தண்ணீர் பவுசர் சாரதியாக, பாலைவன முகாமுக்குச் சாமான் ஏற்றும் லொறிச் சாரதியாக அவர்கள் அந்த மணலை அறிந்திருக்கிறார்கள். எனது வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுள் பலர் அவர்கள் அனுப்பிய பணத்தில் படித்தவர்கள். மணற்புயலில் பாதை மறையும்போது எதை அடையாளமாகக் கொண்டு ஓட்டினார்கள், புதைந்த வாகனத்தை எப்படி எடுத்தார்கள், பதவியிடம் எந்தச் சொல்லைக் கற்றார்கள் என்பவற்றை எந்த நூலிலும் காணமுடியாது. அவர்கள் ஊர் திரும்பி, திண்ணையில் அமர்ந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மௌத்தாகிப் போகிறார்கள்.

நமது எழுத்தாளர்கள் மத்திய கிழக்கு வாழ்வைக் கதையாகவும் கவிதையாகவும் நிறையவே பாடியிருக்கிறார்கள். பிரிவுத் துயரம் அவற்றின் மையம். அது உண்மையான துயரமே. ஆனால் அந்த மனிதர்களிடம் இருந்த தொழிலறிவும் வழியறிவும் நமது எழுத்தில் இன்னும் ஏறவில்லை. அவர்களைத் துயரப்பட்டவர்களாக மட்டும் எழுதுவது, இப்னு பதூதா தமது வழிகாட்டியின் கண் நோயை எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டதைப் போன்றது.

ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞர் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்த சாரதி ஒருவரிடம் போய் அமர்ந்தால் போதும். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வாகனம், யார் வழி காட்டினார், அவருடைய பெயர் என்ன என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். ஐந்தாவது கேள்வியை மறக்க வேண்டாம்.